வீரமலை உம் கொட்டிய மாதம்

கதை சொல்கிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் ‘ம்’ கொட்டாதவன் மனுஷனே இல்லை என்பது வீரமலையின் கட்சி. அவர் பிறந்தது துறையூர்ப் பக்கம். அங்கே கதை சொல்ல உட்காருகிறவர் முதலில் கேட்பது, யாருய்யா உம் கொட்டப்போறது என்பதைத்தான். ஆள் அமையாவிட்டால் கதை கிடையாது. நடுவில் உம் நின்றுபோனால் சொல்கிறவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். வாழ்க்கையில் முன்னுக்கு வருகிற அவசரத்தில் எத்தனையோ மரியாதைகளை வீரமலை வழியில் தவறவிட்டிருக்கிறார். இதை மட்டும் விட்டதில்லை. ஆகவே அறுபத்தெட்டு வயதில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டு அபார்ட்மெண்டில் உட்கார்ந்து, காதில் ஓடும் ஆடியோ புத்தகத்துக்கு அவர் உம் கொட்ட ஆரம்பித்தபோது, அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை. வந்த வினை அத்தனையும் அதிலிருந்துதான் வந்தது.

வீரமலை யாரென்று தெரியாதவர்கள் அந்த அபார்ட்மெண்டில் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை. தன் சரித்திரத்தை, லிஃப்ட் கீழேயிருந்து நாலாவது மாடி போய்ச் சேர்வதற்குள் முடிகிற அளவுக்குச் செதுக்கி வைத்திருந்தார். அஞ்சாங்கிளாஸோடு படிப்பு நின்றது; திருச்சிக்கு பஸ் ஏறியது; வெல்டிங் பட்டறையில் கேபிள் இழுத்தது; அரியமங்கலத்தில் சொந்தமாக ஷெட் போட்டது; அந்த ஷெட்டில் செய்த புகைக்குழாய்கள் இன்றைக்கு இந்தியா பூராவும் அனல்மின் நிலையங்களில் நிற்பது. முதல் மாடியில் ஏறுகிறவர்களுக்கு அரியமங்கலத்திலிருந்துதான் கிடைக்கும். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் உண்டு. “அத்தனையும் ஒத்தை ஆளா. ஒரு கை துணை கெடையாது.” பக்கத்தில் அவர் மனைவி பானுமதி நின்றாலும் சொல்வார். பானுமதி அப்போது மாடி எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கட்டடத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, யாராவது ஒருவர் அந்த மாதம் தான் படித்ததைப் பற்றிப் பேசுவார். நடத்துகிறவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெங்கநாதன். எதிர் வீடு. நெற்றியில் திருமண், கையில் எப்போதும் ஒரு புத்தகம். ஒரு நாள் லிஃப்டில் அவர் வீரமலையின் சரித்திரத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஸ்வாமி, உம்மைப் பத்தி எழுதினா ஒரு புஸ்தகமே தேறும். படிக்கிறதுதான் உமக்குக் கொஞ்சம் சிரமம், இல்லையோ?” என்றார்.

முப்பது டன் இரும்பைத் தூக்கி லாரியில் வைத்தவனைப் பார்த்து, காகிதத்தைத் தூக்கச் சிரமமா என்று கேட்டால் எப்படி இருக்கும்? மார்கழி மாசத்தை எனக்குப் போட்டுவிடுங்கள் என்று வீரமலை அங்கேயே சொல்லிவிட்டார். எத்தனை புத்தகம் படிக்க வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கணக்கொன்றும் இல்லை என்றார் ரெங்கநாதன். கணக்கில்லாத வேலையை எப்படி எடுத்து முடிப்பது என்று வீரமலைக்கு அன்று ராத்திரி கவலையாகவே இருந்தது.

மருமகள் சுஜாதான் வழி காட்டினாள். மாமனாரின் போனில் ஆடியோ புத்தகங்களை ஏற்றி, காதில் சொருகிக்கொள்ளும் இரண்டு சின்னக் குமிழ்களையும் வாங்கித் தந்தாள். எழுத்துக்கூட்ட வேண்டாம், கேட்டாலே படித்த மாதிரிதான் மாமா என்றாள். இருந்தாலும் மனசு ஒப்பாமல் தேனீ வளர்ப்பு பற்றி ஒல்லியான புத்தகம் ஒன்றையும் வீரமலை வாங்கி வைத்துக்கொண்டார். அதை விரல் வைத்து உரக்கப் படிப்பார். ஒரு வரி முடிந்ததும் முகத்தைச் சற்றே திருப்பி, ‘ம்’ என்பார். அப்புறம் அடுத்த வரி. சொல்கிறவரும் அவரே, கேட்கிறவரும் அவரே. இரண்டு வேலைக்கு இரண்டு ஆள் வைப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

காதில் படிக்கிற குரல் ஒரு பெண்ணுடையது. நல்ல நிதானமான குரல். வீரமலை அவரை ‘அந்தம்மா’ என்றுதான் சொல்வார். ராஜா கதையையும் அந்தம்மாதான் படித்தார், துப்பறியும் கதையையும் அந்தம்மாதான், காதல் கதையையும் அந்தம்மாதான். நடுவில் நிறுத்த நேர்ந்தால் வீரமலை சும்மா நிறுத்த மாட்டார். “சாப்பிட்டு வந்துடறேம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் விரலை வைப்பார். முதல் தடவை அதைக் கேட்ட பானுமதி வாசலில் யார் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மார்கழிப் பனிக்கு அவர் குரங்குக் குல்லா போடுகிறவர். குல்லாவுக்குள் குமிழ் இருப்பது வெளியே தெரியாது. ஆகவே அந்த மாதம் அவர் எதிரில் வந்து யார் எதைச் சொன்னாலும், வீரமலை கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தி, தலையை லேசாக ஆட்டி, சரியான இடைவெளி விட்டு, தங்கள் பேச்சுக்குத்தான் ‘ம்’ என்று சொல்வதாகவே அவர்களுக்குப் பட்டது. அதுவரை அவர் வாயிலிருந்து எவருக்கும் ‘பார்ப்போம்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடைத்ததில்லை.

பாலக்கரையில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் பாசில் பல வருஷமாக அவருடைய ஷெட்டிலிருந்த பழைய தகடு வளைக்கும் மெஷினைக் கேட்டுக்கொண்டிருந்தார். மார்கழி மூன்றாம் நாள் வந்தும் கேட்டார். அப்போது காதுக்குள் ராஜா கோட்டை மதிலேறிக்கொண்டிருந்தார். வீரமலை ‘ம்’ என்றார். மறுநாள் ஷெட்டுக்கு கிரேனோடு லாரி வந்து நிற்கிறது என்று மகன் முரளிதரன் பதறிப்போய் போன் பண்ணினான். அடுத்த வாரம், அபார்ட்மெண்டின் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிச் சுத்தம் செய்யும் பணியை மேற்பார்வை பார்க்க முன்வந்த வீரமலை அவர்களுக்கு நன்றி என்று நோட்டீஸ் பலகையில் எழுதியிருந்தது. எப்போது முன்வந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் தன் பெயர் பலகையில் இருப்பதை இரண்டு தடவை நின்று படித்தார், உம் கொட்டி.

இதெல்லாம் போகட்டும். மெஷின் போனால் மெஷின் வரும். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் சாயங்காலம் நடந்ததுதான் நெஞ்சில் முள்ளாய்ப் போனது.

சொர்க்கவாசல் கூட்டத்துக்காக வந்து தங்கியிருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் போய், வீடு அமைதியாக இருந்தது. வீரமலை பால்கனியில் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். காதல் கதையின் கடைசி அத்தியாயம். சுபத்ரா என்கிற அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; விட்டுப் போனவன் வருவானா என்று வாசலைப் பார்க்கிறாள். அந்தம்மாவின் குரலே கம்மிவிட்டது. வீரமலை ‘ம்... ம்...’ என்று கொட்டிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிர் நாற்காலியில் பானுமதி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் கண்ணிலும் தண்ணீர். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான். அவள் வாய் அசைந்தது. வீரமலை வழக்கம்போல ‘ம்’ என்றார். பானுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், வெந்நீர் போட்டு வைத்து, குளிக்கக் கூப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து வீடு வேறு வீடாகிவிட்டது. வெண்பொங்கலில் நெய் மிதந்தது. துண்டைக் கேட்கும் முன்னால் துண்டு வந்தது. பானுமதி அடுப்படியில் மெல்லப் பாடினாள். வீரமலை இதையெல்லாம் தன் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். நாலாம் நாள் இலையில் மோர் ஊற்றும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழமை நானும் வந்து முன்னாடி உக்காருவேன். அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேன்ல, அதை மறக்காம பேசிடுங்க. நாப்பது வருசத்துல அன்னைக்குத்தான் நீங்க என் பேச்சை முழுசா கேட்டீங்க.”

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. வீரமலை மோர்ச்சாதத்தைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ என்றார். அந்த மாதத்தில் காதில் ஒன்றும் இல்லாமல், இன்னொருவர் பேச்சுக்கு அவர் கொட்டிய முதல் உம் அது.

என்ன சொன்னாள்? அதை அவளிடமே எப்படிக் கேட்பது? கேட்டால் அந்தப் பாட்டு நின்றுபோகும்; பிடித்த கையை அவள் இனி ஜென்மத்துக்கும் பிடிக்க மாட்டாள். வீரமலை தொழிலில் புகழ்பெற்ற மூளையை இதில் இறக்கினார். முதலில் பக்குவமாக, அன்றைக்கு நீ சொன்னதில் ஒரு இடம் மட்டும் இன்னொரு தடவை சொன்னால் தேவலை என்று ஆரம்பித்தார். எந்த இடம் என்றாள் பானுமதி. அந்தக் கடைசி இடம் என்றார் குத்துமதிப்பாக. அவள் தலையைக் குனிந்துகொண்டு, அதை மறுபடியும் சொல்ல வைக்காதீர்கள் என்று போய்விட்டாள். சுஜாவிடம் சுற்றி வளைத்து விசாரித்தார். நீங்கள் அழுதீர்களாமே மாமா, அத்தை சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறார், விஷயம் என்னவென்று மட்டும் வாயைத் திறக்கவில்லை என்றாள் அவள்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பானுமதி பேசிய நேரத்தில் ஓடியது சுபத்ராவின் கடைசி அத்தியாயம். அதைத் திரும்பப் போட்டால் அடியில் எங்கேயாவது பானுமதியின் குரல் ஒட்டியிருக்காதா? அதே பால்கனி, அதே நாற்காலி, அதே சாயங்காலம் என்று பார்த்து உட்கார்ந்து, சத்தத்தை முழுசாக ஏற்றிக் கேட்டார். சுபத்ரா மறுபடி செத்தாள். பானுமதி கிடைக்கவில்லை. மறுநாளும் கேட்டார். அன்றும் சுபத்ராதான் செத்தாள். மெஷினுக்கு நன்றி சொல்ல இனிப்போடு வந்த பாசிலிடம், யாருக்கோ நடந்ததுபோல இதைச் சொல்லி, குரல் உள்ளே பதிந்திருக்க வழி உண்டா என்று கேட்டார்.

பாசில் யோசித்தார். “அண்ணே, அது கதைண்ணே. கிணறா என்ன, பக்கத்துல நின்னு பேசுனது உள்ள விழறதுக்கு?”

“அப்ப என்ன பாய் பண்றது?”

“சம்பந்தப்பட்ட ஆளு சம்சாரம் கால்ல விழுந்துட வேண்டியதுதான். ஆமா, யாருக்குண்ணே இது?”

துறையூரில் ஒருத்தருக்கு என்றார் வீரமலை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கார்களை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். குல்லா இல்லாமல், வெள்ளை வேட்டியில், வீரமலை மைக் முன்னால் நின்றார். முதல் வரிசையில் பானுமதி. அரக்குப் பட்டு, தலையில் கனகாம்பரம். மகன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்தப் பட்டைக் கட்டியதில்லை. ரெங்கநாதன் மேஜையில் ஒரு மணியை வைத்துக்கொண்டு, நேரம் முடிந்தால் அடிப்பேன் என்று பவ்யமாக அறிவித்தார்.

பேச்சு என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. நிம்மதியாகத் தூங்குவது எப்படி என்ற புத்தகத்தில் முதல் பாகத்தைத் தாண்டத் தன்னால் முடியவே இல்லை, போட்டவுடன் தூங்கிவிட்டேன், இந்த மாதம் படித்ததிலேயே சொன்னபடி வேலை செய்த புத்தகம் அதுதான் என்றார். கைதட்டினார்கள். பிறகு ராஜா கதைக்கு வந்தார். மதிலேறிய ராஜாவின் கொள்ளுப் பேரன்தான் துப்பறியும் கதையில் கிணற்றில் செத்துக் கிடந்த டாக்டர் என்றும், அந்த டாக்டர் வழியில் வந்த பெண்தான் சுபத்ரா என்றும், அந்த வம்சத்துக்கே கிணற்றிலோ ஆஸ்பத்திரியிலோதான் முடிவு என்றும் விளக்கினார். ரெங்கநாதன் மெல்ல எழுந்து, இவை மூன்றும் வேறு வேறு புத்தகங்கள் அல்லவோ என்று கேட்டார்.

“சொல்ற அம்மா ஒருத்தர்தானே சாமி? சம்பந்தமில்லாத குடும்பத்துக் கதையெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

ரெங்கநாதன் உட்கார்ந்துவிட்டார்.

புத்தகங்கள் தீர்ந்தன. பானுமதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீரமலைக்கு இருட்டில் கல்லெறிவதைத் தவிர வேறு வழியில்லை. எறிந்தார். என் மனைவியின் ரசத்துக்கு ஈடாக ஒரு ரசம் இந்த ஸ்ரீரங்கத்தில் கிடையாது என்றார். கைதட்டல். பானுமதியின் முகம் அப்படியே இருந்தது. தை பிறந்ததும் அவளைக் காசிக்கு அழைத்துப் போகிறேன் என்றார். பலத்த கைதட்டல். பானுமதி புருவத்தைச் சுருக்கினாள். மைத்துனனை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். என்ன தப்புக்கு என்று அவருக்கே ஞாபகமில்லை. இனி குறட்டை விட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதற்கு மேல்மாடிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரெங்கநாதன் மணியை எடுத்தார்.

கைக்கு எதுவும் அகப்படாதபோது பழக்கமானதைத்தான் நாக்கு தேடும். வீரமலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அஞ்சாங்கிளாஸில் ஆரம்பித்து, அரியமங்கலம் வந்து, அனல்மின் நிலையத்தில் ஏறி, கடைசி வரியைச் சொன்னார்.

“அத்தனையும் ஒத்தை ஆளா. ஒரு கை துணை...”

பானுமதி எழுந்துவிட்டாள். கோபமாக எழவில்லை. சினிமா முடிந்ததும் எழுவார்களே, அப்படி. கைப்பையை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே லிஃப்டைப் பார்த்து நடந்தாள். கோளாறு அந்த வரியில்தான் இருக்கிறது என்பது மட்டும் வீரமலைக்குப் புரிந்தது. என்ன கோளாறு என்பது இன்னமும் புரியவில்லை. அவள் லிஃப்டுக்குள் போய்விட்டால் அப்புறம் கேட்கவே முடியாது.

“பானு, நில்லு. நீ அன்னைக்குப் பேசுனது எதுவும் என் காதுல விழல. குல்லாவுக்குள்ள கதை ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

மைக்கில் சொல்லிவிட்டார். கூட்டம் முழுக்கக் கேட்டது. முதல் மாடி ஜன்னல்களில் இருந்தவர்களுக்கும் கேட்டது. பானுமதி நின்றாள். திரும்பினாள்.

“அப்ப அழுதது?”

“அது... சுபத்ராவுக்கு.”

பானுமதி நடந்து வந்து அவர் எதிரில் நின்றாள். மைக்கைக் கையில் வாங்கினாள்.

“அந்தப் பொண்ணு பொழைச்சாளா?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு.”

முதலில் சிரித்தவர் ரெங்கநாதன்தான். பிறகு எல்லோரும். பானுமதி சிரிக்கவில்லை. வீரமலையைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்து அவள் பேசினாள். அரியமங்கலத்தில் முதல் ஷெட் போட்டபோது வேலைக்கு ஆள் வைக்க வசதியில்லை. அவர் வெல்டிங் வைப்பார். தகட்டை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது அவள். வெளிச்சம் பட்டுக் கண் வீங்கி, ராத்திரி உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் ஒட்டிக்கொண்டு படுப்பாள். காலையில் அதே கிழங்கைத்தான்... சரி, அது வேண்டாம், அதை இவர் சாப்பிட்டிருக்கிறார் என்றாள். முடித்த சாமான்களுக்குத் துரு பிடிக்காமல் ரெட் ஆக்சைடு பூசியதும் அவள்தான். கை மணிக்கட்டு வரைக்கும் சிவந்து கிடக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கே, யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்களாம். எங்கள் வீட்டில்தான் என்று சொல்லிவிடுவாளாம்.

“ஒத்தை ஆளாம். லிஃப்ட்ல தினமும் சொல்றாரு. அந்தத் தகடு அந்தரத்துலயா நின்னுச்சு? நாலு பேர் முன்னாடி ஒரே ஒரு தடவை, ரெண்டு பேரா செஞ்சோம்னு சொல்லுங்கன்னேன். அதுக்குத்தான் ம்முன்னாரு.”

பட்டறையில் மின்சாரம் போய்விட்டால் இருக்குமே, அப்படி ஒரு நிசப்தம் வீரமலைக்குள். சரித்திரத்தின் கடைசி வரியை எடுத்துவிட்டால் மீதி நிற்குமா என்று ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது. மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

“ரெண்டு பேரா” என்றார்.

“பின்னாடி கேக்கல” என்றாள் பானுமதி.

“ரெண்டு பேராத்தான் செஞ்சோம்.” அத்தோடு விட முடியவில்லை, மனுஷன் வீரமலை அல்லவா? “ஆனா, தகட்டை இவ்வளவு நேராப் புடிக்க இந்த ஜில்லாவுலயே ஆள் கெடையாது. நானே தேடிப் புடிச்ச ஆளு.”

“எங்கப்பாதான் உங்களைத் தேடிப் புடிச்சாரு.”

ரெங்கநாதன் மணியை ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார். தை மாசத்துக்கு யார் பேசுவது என்று இனிமேல் யோசிக்க வேண்டியதில்லை என்றார். பானுமதி, தை மாசம் வரைக்கும் எதற்கு, நான் இன்னும் இதையே முடிக்கவில்லையே என்றாள். கூட்டத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டீ வந்து, ஆறி, திரும்பிப் போனது.

அவளுக்குக் கால் வலி உண்டு, அதிக நேரம் நிற்கக் கூடாது. முதல் வரிசையில் அவள் விட்டுவந்த நாற்காலியை வீரமலையே போய்த் தூக்கி வந்து போட்டார். பானுமதி உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, முதல் லாரி லோடு ஏற்றிய அன்று மழை பெய்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு மழையில்லை, வெறும் தூறல்தான் என்று வீரமலை குறுக்கிட்டார்.

“அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க? டீ குடிக்கப் போயிட்டீங்க” என்றாள் பானுமதி. வீரமலை யோசித்துப் பார்த்தார். போயிருந்தார்.